நாற்காலியின் விலை

(நந்தனத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில், வெளியே அண்ணா சாலை நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். உள்ளே 300 ரூபாய்க்கு விற்கும் நாவல் வெளியே 50 ரூபாய்க்குக் கிடைக்கும். அதைப் பார்த்து எந்தப் பதிப்பாளரும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை. அவர் விற்றது விற்றதுதான். பணம் பெட்டிக்கு வந்தாயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பிரதி யார் கையிலிருந்து யார் கைக்கு, என்ன விலைக்குப் போனால் அவருக்கு என்ன?

கம்பெனிப் பங்குகளைப் பற்றியும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கம்பெனி பங்குகளை வெளியிட்டபோது பணம் வாங்கிக்கொண்டது. இன்று சந்தையில் ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். விலை 200 ஆனாலும் 20 ஆனாலும் கம்பெனியின் கணக்கில் ஒரு பைசா கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அப்படியிருக்க, பங்கு விலை சரிந்தால் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஏன் பதறுகிறார்கள்? கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

விடை அந்த நடைபாதையிலேயே கிடைக்கிறது. ஒரு நாவலின் பழைய பிரதிகள் அத்தனையையும் ஒருவர் வாங்கிக் குவித்தாலும் அவர் பதிப்பகத்துக்கு முதலாளி ஆகிவிட முடியாது. பங்கில் அது முடியும். ஒவ்வொரு பங்கோடும் ஒரு ஓட்டு ஒட்டிக்கொண்டு போகிறது. போதுமான ஓட்டுகளைச் சேர்த்தவர் இயக்குநர் குழுவை மாற்றலாம், மேலாண்மை இயக்குநரை வீட்டுக்கு அனுப்பலாம், ஆலையை விற்கலாம். பங்கின் விலை என்று திரையில் ஓடுவது, உண்மையில் நிர்வாகம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் விலை. அது மலிந்தால் வாங்க ஆள் வருவார்.

நந்தனம் சிக்னலிலிருந்து இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. கிழக்கே திரும்பி, சேமியர்ஸ் சாலை வழியாக ராஜா அண்ணாமலைபுரத்துக்குள் போய், சாந்தோம் நெடுஞ்சாலையின் தென்கோடியை எட்டினால் கோரமண்டல் டவர்ஸ். இந்தியா சிமெண்ட்ஸின் தலைமை அலுவலகம். நாடு விடுதலை அடைவதற்கு ஓராண்டு முன்பு, 1946-ல், எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் இருந்தது. 1949-ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஊரே சங்கர் நகர் ஆயிற்று. நாராயணசுவாமியின் மகன் என். சீனிவாசன் அந்தக் கம்பெனியின் முகமாகப் பல பத்தாண்டுகள் இருந்தார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை ஏலத்தில் எடுத்தது இந்தக் கம்பெனிதான்.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1998-ல், இதே இந்தியா சிமெண்ட்ஸ் வேறொரு கம்பெனியின் நாற்காலியைக் கேட்டு நின்றது. அன்றைய ஆந்திரத்தின் ராசி சிமெண்ட். அதைக் கட்டி எழுப்பியவர் பி.வி. ராஜு, சிமெண்ட் தொழிலில் நாடு முழுவதும் மதிக்கப்பட்ட மனிதர். கம்பெனியை விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் பங்குகள் சந்தையில் கிடைத்தன. சீனிவாசன் வாங்கினார். பிறகு பங்குக்கு 300 ரூபாய் தருவதாகப் பொதுப் பங்குதாரர்களுக்கு ஓப்பன் ஆஃபர் அறிவித்தார். சந்தையில் அதற்கு முன்பு இருந்த விலையைவிட மிக அதிகம் அது. சாதாரணப் பங்குதாரர் என்ன செய்வார்? ராஜு நல்லவர், திறமைசாலி என்பதற்காக 300 ரூபாயை வேண்டாம் என்று சொல்வாரா? போராடிப் பார்த்த ராஜு கடைசியில் தன்னிடமிருந்த சுமார் 32 சதவீதப் பங்குகளையும் சீனிவாசனுக்கே விற்றுவிட்டு ஒதுங்கினார். இந்தியத் தொழில்துறையில் எதிர்ப்பை மீறிக் கம்பெனியைக் கைப்பற்றிய தொடக்ககால நிகழ்ச்சிகளில் இது பெரியது. அதன் பிறகும் ‘ராசி கோல்டு’ என்ற பெயர் சிமெண்ட் மூட்டையில் தொடர்ந்து வந்தது. பெயர் நிலைத்தது, பெயர் வைத்தவரின் நாற்காலி நிலைக்கவில்லை.

இப்படி வாங்கிச் சேர்த்ததில் கம்பெனி பெரிதாயிற்று, கடனும் பெரிதாயிற்று. 2000-களின் தொடக்கத்தில் கடனைச் சீரமைக்கக் கடன் கொடுத்தவர்களிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. மீண்டது உண்மை. ஆனால் தென்னிந்திய சிமெண்ட் சந்தையில் ஆலைகளின் திறன் தேவையைவிட வேகமாக வளர்ந்துகொண்டே போனது, பழைய ஆலைகளில் செலவு ஏறியது. 2019 இறுதியில் இந்தியா சிமெண்ட்ஸின் பங்கு 100 ரூபாய்க்கும் கீழே கிடந்தது.

இங்கே சற்று நின்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்தப் பங்குகள் சுமார் 31 கோடி. பங்கு 100 ரூபாய் என்றால் முழுக் கம்பெனியின் சந்தை மதிப்பு சுமார் 3,100 கோடி ரூபாய். ஆண்டுக்கு 1.4 கோடி டன்னுக்கு மேல் சிமெண்ட் தயாரிக்கும் திறன் அந்தப் பணத்துக்குள் அடக்கம். ஒரு டன் திறனுக்கு ஏறத்தாழ 2,200 ரூபாய். தலையில் இருக்கும் கடனையும் சேர்த்துக்கொண்டாலும், புதிதாக நிலம் வாங்கி, சுண்ணாம்புக்கல் சுரங்க உரிமம் பெற்று, சூளை கட்டி முடிக்க ஆகும் செலவைவிட அது குறைவு. கட்டுவதைவிட வாங்குவது மலிவு என்ற நிலை வந்துவிட்டால், அந்தக் கம்பெனியின் கதவை யாராவது தட்டியே தீருவார்கள். ஆலைக்குள் இருப்பவர்களுக்கு அது கேட்காமல் போகலாம். சந்தைக்குக் கேட்டுவிடும்.

முதலில் வந்தவர் டிமார்ட் அதிபர் ராதாகிஷன் தமானி. அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் விலை தாழ்ந்திருந்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, 20 சதவீதத்தை ஒட்டிய அளவுக்குச் சேர்த்துவிட்டார்கள். எதிர்ப்பு இல்லை, ஆரவாரம் இல்லை. நிர்வாகத்தில் அவர்கள் தலையிடவும் இல்லை. ஆனால் அந்த மூட்டை ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது என்பதுதான் விஷயம். சிதறிக் கிடக்கும் லட்சம் பேரிடமிருந்து 20 சதவீதம் திரட்டுவது மலையைப் பெயர்ப்பது மாதிரி. ஒருவரிடம் இருந்தால் ஒரே பேச்சில் முடிந்துவிடும்.

அப்படித்தான் முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நட்டம் அதிகரித்து, நடைமுறை மூலதனத்துக்கே திண்டாட்டம் வந்தது. மத்தியப் பிரதேசத்தில் வைத்திருந்த ஸ்பிரிங்வே மைனிங் 2022-ல் ஜே.எஸ்.டபிள்யூ. சிமெண்டுக்குக் கைமாறியது. மகாராஷ்டிரத்தின் பர்லி அரவை ஆலை 2024 ஏப்ரலில் பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் சிமெண்டுக்குப் போனது. அடுத்த இரண்டே மாதத்தில், 2024 ஜூன் 27 அன்று, அதே அல்ட்ராடெக் சந்தையில் தமானி தரப்பு விற்ற பங்குகளை வாங்கி, இந்தியா சிமெண்ட்ஸில் சுமார் 23 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. பங்குக்கு அதிகபட்சம் 267 ரூபாய், மொத்தம் சுமார் 1,885 கோடி.

அந்த 23 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2011-ம் ஆண்டு விதிப்படி ஒருவர் 25 சதவீதத்தைத் தொட்டால், மற்ற பங்குதாரர்களிடமிருந்து மேலும் 26 சதவீதம் வாங்கிக்கொள்ள முன்வந்தே ஆக வேண்டும். கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றுகொண்டது அல்ட்ராடெக். ஒரே மாதத்தில், ஜூலை 28 அன்று, புரோமோட்டர், அதாவது கம்பெனியைத் தொடங்கி நடத்தி வந்த குடும்பத்தினரும் அவர்களைச் சார்ந்தவர்களும் வைத்திருந்த 32.72 சதவீதத்தைப் பங்குக்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. பொதுப் பங்குதாரர்களுக்கும் அதே 390-ல் ஓப்பன் ஆஃபர். டிசம்பர் 20 அன்று போட்டி ஆணையம் அனுமதி கொடுத்தது. டிசம்பர் 25 அன்று சீனிவாசன் பதவி விலகினார்.

1998-ல் வேட்டைக்குப் போன கம்பெனி 2024-ல் வலைக்குள் வந்தது என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் இந்த விற்பனையில் யாரும் ஏமாற்றப்படவில்லை. 100 ரூபாய்க் காலத்திலிருந்து பொறுமையாக வைத்திருந்த மயிலாப்பூர் பென்ஷன்தாரருக்கும் 390 ரூபாய்க்கு விற்கும் வாய்ப்பு வந்தது. சொல்ல வருவது வேறு. 100 ரூபாயில் பங்கு கிடந்த நாட்களில் அந்தக் கம்பெனியின் விதி பாதி எழுதப்பட்டுவிட்டது. மீதிப் பாதியை எழுத நான்கைந்து ஆண்டுகள் ஆயின, அவ்வளவுதான்.

அல்ட்ராடெக் பிறந்த கதையும் இதே ரகம். 2001 நவம்பரில் ரிலையன்ஸ் தன்னிடமிருந்த லார்சன் அண்ட் டூப்ரோவின் சுமார் 10 சதவீதப் பங்குகளைப் பங்குக்கு 306.60 ரூபாய் வீதம் பிர்லா குழுமத்தின் கிராசிமுக்கு விற்றது. எல் அண்ட் டி-க்குப் புரோமோட்டர் என்று ஒரு குடும்பம் கிடையாது. நமது மணப்பாக்கத்தில் கட்டுமானப் பிரிவின் தலைமையகத்தை வைத்திருக்கும் அந்தப் பெரிய கம்பெனி, ஒரு நாள் காலையில் தன் பத்தில் ஒரு பங்கு போட்டியாளரின் கையில் இருப்பதைக் கண்டது. அதன் தலைமைச் செயல் அதிகாரி ஏ.எம். நாயக் போராடினார். நீண்ட பேரத்துக்குப் பிறகு, சிமெண்ட் தொழிலைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பிரிந்துபோன அந்தத் துண்டுதான் 2004-ல் அல்ட்ராடெக் ஆயிற்று. கிராசிமிடமிருந்த பங்குகளை ஊழியர் அறக்கட்டளை ஒன்று வாங்கிக்கொண்டது. இனி யாரும் வெளியிலிருந்து வந்து நாற்காலியைக் கேட்கக் கூடாது என்பதற்காக ஊழியர்களையே கோட்டைச் சுவராக நிறுத்தினார்கள்.

நாற்காலி போய்விடும் என்ற அச்சம் ஒரு நிர்வாகத்தை நல்ல வழியிலும் தள்ளலாம், கெட்ட வழியிலும் தள்ளலாம். கெட்ட வழிக்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தில் 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லாத ரொக்கம் என்ற செய்திதான் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது. அதே கடிதத்தில் காரணத்தையும் அவர் சொல்லியிருந்தார். புரோமோட்டர்களிடம் இருந்த பங்கு குறைவு; லாபம் குறைந்ததாகக் காட்டினால் வேறு யாராவது கம்பெனியைக் கைப்பற்றிவிடுவார்கள், அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம். 2008 இறுதியில் ராஜு குடும்பத்தின் பங்கு 9 சதவீதத்துக்கும் கீழே. அதையும் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். 2008 டிசம்பர் 16 அன்று குடும்பத்தின் மேடாஸ் கம்பெனிகளை சத்யம் வாங்கும் என்று அறிவித்ததும் பங்குதாரர்கள் கொதித்தெழுந்தார்கள். அறிவிப்பு உடனே திரும்பப் பெறப்பட்டது. விலை சரிந்தது. அடமானம் பிடித்தவர்கள் பங்குகளைச் சந்தையில் விற்றார்கள். புரோமோட்டருக்குத் தன் கம்பெனியிலேயே காலூன்ற இடமில்லாமல் போயிற்று. கடிதம் வெளியான அன்று மட்டும் பங்கு முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்து 40 ரூபாய்க்கு அருகே முடிந்தது. மூன்று மாதம் கழித்து டெக் மகிந்திரா 58 ரூபாய் விலையில் கம்பெனியை எடுத்துக்கொண்டது.

இந்த அடமானம் என்பது அடகுக் கடையில் நகை வைப்பது போலத்தான், ஆனால் ஒரு கொடிய வேறுபாடு உண்டு. நகையின் விலை குறைந்தால் அடகுக் கடைக்காரர் பெரும்பாலும் தவணை வரை காத்திருப்பார். பங்கை அடகு வாங்கியவர் காத்திருக்க மாட்டார். 100 ரூபாய்ப் பங்கின் பேரில் 50 ரூபாய் கடன் கொடுத்தவர், விலை 75 ஆனதும் ‘இன்னும் பங்கு கொடு, இல்லையேல் பணம் கட்டு’ என்பார். இரண்டும் இல்லை என்றால் பங்கை விற்பார். அவர் விற்பதால் விலை மேலும் இறங்கும். அடுத்த கடன்காரர் விழித்துக்கொள்வார். 2019 ஜனவரி 25 அன்று ஜீ தொலைக்காட்சி நிறுவனத்துக்கு இதுதான் நேர்ந்தது. ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் விலை போனது. அதன் நிறுவனர் சுபாஷ் சந்திரா கடன் கொடுத்தவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அவகாசம் கிடைத்தது, ஆனாலும் கடனை அடைக்கப் பங்குகளை விற்று விற்று, 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்த குடும்பம் 4 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. அவர்கள் தொடங்கிய தொலைக்காட்சி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சென்னையில் அப்போலோ மருத்துவமனையின் புரோமோட்டர்களும் அந்தக் காலத்தில் தங்கள் பங்கில் பெரும்பகுதியை அடகு வைத்திருந்தார்கள். அவர்கள் புயல் வரும்வரை காத்திருக்கவில்லை. 2019 ஜூனில் அப்போலோ மியூனிக் ஹெல்த் இன்சூரன்ஸை எச்.டி.எஃப்.சி.க்கு விற்க ஒப்பந்தம் செய்து, அடகுச் சுமையைக் குறைத்தார்கள். நல்ல சொத்தைக் கொடுப்பது மனதுக்கு வலிக்கும். ஆனால் மீட்க வேண்டியதை மீட்டுக்கொண்ட நிர்வாகம் அது, பாராட்டத்தான் வேண்டும்.

நந்தனம் சிக்னலுக்குத் திரும்புவோம். கிழக்கே போகாமல் தெற்கே போனால், சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி, கிண்டி. அங்கே சர்தார் பட்டேல் சாலையில் லட்சுமி விலாஸ் வங்கியின் நிர்வாக அலுவலகம் இருந்தது. 1926-ல் கரூரில் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய வங்கி. கரூர் ஜவுளிக்காரருக்கும் விவசாயிக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. பிற்காலத்தில் பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய கடன்களைக் கொடுக்கப் போய், அவை வாராக் கடன்களாக நின்றன.

வங்கி என்றால் மூலதனம் இருந்தால்தான் மூச்சு. 2017 டிசம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி உரிமைப் பங்குகளை வெளியிட்டது. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் மேலும் வாங்கிக்கொள்ளலாம், பங்குக்கு 122 ரூபாய். பாட்டன் காலத்திலிருந்து இந்த வங்கியின் பங்கை வைத்திருக்கும் குடும்பங்கள் கரூரில் உண்டு, சென்னையில் உண்டு. நம்ம பேங்க் என்ற பாசத்தில் போட்டார்கள். பிறகு விலை இறங்கத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது. அக்டோபரில் இந்தியாபுல்ஸுடன் இணையும் திட்டத்தை நிராகரித்தது. 2020-ன் பிற்பகுதியில் பங்கு 20 ரூபாயைத் தாண்டத் திணறியது.

விலை இறங்கினால் கம்பெனிக்கு ஒரு பைசா நட்டமில்லை என்று சொன்னவர்களுக்கு இதோ கணக்கு. வங்கியின் மொத்தப் பங்குகள் சுமார் 33.7 கோடி. 1,000 கோடி ரூபாய் திரட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பங்கு 122 ரூபாய் என்றால் சுமார் 8 கோடி புதிய பங்குகள் போதும். 15 ரூபாய் என்றால் 66 கோடிக்கு மேல் பங்குகள் வேண்டும். பழைய பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்தும் மூன்றில் ஒரு பங்குக்காரர்கள் ஆகிவிடுவார்கள். மூலதனம் இல்லாததால் விலை இறங்குகிறது. விலை இறங்கியதால் மூலதனம் திரட்ட முடியவில்லை. கிணற்றுக்குள் விழுந்தவருக்கு மேலிருந்து விட்ட கயிறு, அவர் ஆழமாகப் போகப் போக எட்டாமல் போவது போல.

2020 செப்டம்பர் 25. ஆண்டுப் பொதுக்கூட்டம். சென்னைக் கம்பெனிகளின் பொதுக்கூட்டம் என்றால் ஆழ்வார்பேட்டை நாரத கான சபா போன்ற சபா அரங்குகள்தான் பழகியவர்களுக்கு நினைவுக்கு வரும். வாசலில் காபி, கையில் ஆண்டறிக்கை, மேடையில் நீண்ட வரிசையாக இயக்குநர்கள், மைக்கைப் பிடித்தால் விடாத பழைய பங்குதாரர் ஒருவர். கொரோனா ஆண்டு என்பதால் அது எதுவும் இல்லை. காணொளியில் கூட்டம், மின்னணு முறையில் ஓட்டு. முடிவு வந்தபோது, மேலாண்மை இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தைப் பங்குதாரர்கள் தோற்கடித்திருந்தார்கள். நாற்காலிகள் ஒரே நாளில் காலி. இந்திய வங்கி வரலாற்றில் மிக அரிதான காட்சி அது. சேமிப்பைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தவர்களின் கோபம் அது, அதற்கு நியாயம் உண்டு. ஆனால் மிகத் தாமதமாக வந்த கோபம்.

நவம்பர் 17 மாலை மத்திய அரசு தடை உத்தரவு பிறப்பித்தது. வாடிக்கையாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. நவம்பர் 27 அன்று வங்கி சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் முழுதும் காப்பாற்றப்பட்டது. அதற்கு ரிசர்வ் வங்கிக்கு நன்றி சொல்ல வேண்டும். பங்கு மூலதனம் முழுவதும் ரத்து. 122 ரூபாய் கொடுத்து உரிமைப் பங்கு வாங்கியவரின் டீமேட் கணக்கில் எஞ்சிய மதிப்பு பூஜ்யம். 94 ஆண்டு வங்கியின் பெயர்ப் பலகை இறங்கியது.

பங்கு விலை ஊழியர்களின் சம்பளத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. சென்னையில் பிறந்த ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் 36 டாலர் வெளியீட்டு விலையோடு பட்டியலானபோது, இங்கே 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நாளிதழ்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டிய செய்திதான்; சம்பளத்தோடு பங்கும் கொடுத்த நிர்வாகத்தின் பெருந்தன்மை அது. பிறகு விலை 20 டாலருக்கும் கீழே இறங்கியது. பங்கையே சம்பளத்தின் ஒரு பகுதியாக எண்ணிச் சேர்ந்த பொறியாளருக்கு அது சம்பள வெட்டு. 2024 நவம்பரில் அந்தக் கம்பெனி ஏறத்தாழ 660 பேரை, மொத்த ஊழியர்களில் 13 சதவீதத்தை, வேலையிலிருந்து நீக்கியது. அதே சமயத்தில் 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப் போவதாகவும் அறிவித்தது. சோஹோவின் ஸ்ரீதர் வேம்பு இதைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் தன் கம்பெனியைப் பங்குச் சந்தைக்கே கொண்டுபோகாதவர் என்பது இங்கே பொருத்தமான தகவல். பங்கு விலையைத் தூக்கி நிறுத்துவது நிர்வாகத்தின் கடமைதான். அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்பது நம் கடமை.

கேட்பதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 21 நாட்களுக்குள், பட்டியலிட்ட ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குகள் யார் யாரிடம் எவ்வளவு இருக்கின்றன என்ற விவரத்தைப் பங்குச் சந்தைக்குக் கொடுத்தாக வேண்டும். மும்பைப் பங்குச் சந்தையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். மேலே புரோமோட்டர் என்ற வரி. அவர்களிடம் எத்தனை சதவீதம். அதே வரிசையில் வலப்பக்கம் தள்ளிப் போனால் அடகு வைத்தது எத்தனை சதவீதம் என்ற கட்டம். அந்தக் கட்டத்துக்கு அவசியம் வந்ததே சத்யத்தால்தான். ராஜுவின் கடிதம் வந்த அதே 2009 ஜனவரியில் செபி அடமான விவரங்களை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. கீழே பொதுப் பங்குதாரர் பகுதியில், 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர்கள். தமானியின் பெயர் இந்தியா சிமெண்ட்ஸின் பட்டியலில் காலாண்டுக்குக் காலாண்டு வளர்ந்ததை, அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்த எவரும் பார்த்திருக்கலாம்.